பிளிமவுத் நின்ற வளைவு

ரெட்டைப்பாறைத் தோட்டத்தில் ஆத்தா தேர் ஏறுகிற நாளன்று யாரும் யாரையும் ஏசக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. வீரசிங்கம் அதை விடிந்ததும் விடியாததுமாகவே உடைத்துவிட்டான். வாழைக்கன்றை ஏன் சாய்த்துக் கட்டினாய், வேப்பங்குழை ஏன் வாடிக்கிடக்கிறது, சந்தனத்தை ஏன் தண்ணீராகக் கரைத்தாய் என்று மனைவி ரெங்கம்மாவைக் கரித்துக்கொட்டிக்கொண்டே இருந்தான். ரெங்கம்மா வாழைக்கன்றை அவிழ்த்து நிமிர்த்திக் கட்டினாள். பதில் சொன்னால் ஏச்சு இரட்டிப்பாகும், சில நாளில் கையும் ஓங்கும் என்பது அவளுக்குப் பழகிப்போன கணக்கு.

இத்தனை அலங்காரமும் ஒரு காருக்குத்தான். ஐம்பத்தோராம் வருடத்து பிளிமவுத். வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது தன் டிரைவருக்கு, அதாவது வீரசிங்கத்தின் அப்பாவுக்கு, கொடுத்துவிட்டுப் போனது. அமெரிக்காக்காரன் செய்த வண்டி என்பதால் ஜப்பான் வண்டியோடு பழகின பதுளை மெக்கானிக்குகளுக்கு அதன் குணம் பிடிபடாது. பற்றரி ஆறு வோல்ட். அதிலும் எல்லா வண்டிக்கும் மாறாக பொசிட்டிவ் வயரைத்தான் பொடியில், அதாவது வண்டியின் உடம்பு இரும்பில், பூட்ட வேண்டும். இடது பக்கச் சில்லுகளின் நட்டை எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். விவரம் தெரியாத ஒருவன் வழக்கம்போலத் திருகி மூன்று போல்ட்டை முறித்துவிட, வீரசிங்கம் அவனை ஹாலிஎல சந்தியில் துரத்தித் துரத்தி அடித்திருக்கிறான். வண்டிக்கு வாய்த்த சொந்தக்காரனும் அதே மாதிரிதான், எல்லாமே எதிர்த் திருகு.

அந்தக் கார்தான் வருடா வருடம் ஆத்தாவின் சப்பரத்தை இரும்புத் தண்டில் பூட்டி, மலையடியில் வரிசையாய்க் கட்டிய கீழ்க்கணக்கு லயத்து வீடுகளிலிருந்து உச்சியில் இருக்கிற மேல்கணக்குக் கோயில்வரை இழுத்துக்கொண்டு போகும். இழுத்துப் போகிறவனுக்குக் கோயிலில் முதல் பரிவட்டம். அப்பாவுக்குப் பிறகு அந்தப் பட்டுத்துணி வீரசிங்கத்தின் தலையில்தான் ஏறுகிறது. மற்ற முந்நூற்று அறுபத்துச் சொச்ச நாளும் கராஜில் கிரீஸ் பூசிக் கிடக்கிற மனுசனுக்கு, அந்த ஒரு நாள்தான் நாள்.

அந்த நாளுக்கு உலை வைக்க வந்தவன் தினேஸ். வேறு யாருமில்லை, ரெங்கம்மாவின் கூடப் பிறந்த தம்பி. இதே பிளிமவுத்தில் கிளீனராக ஓடி, பிறகு சவூதிக்குப் போய் நாலு வருடம் வெயிலில் காய்ந்து, திரும்பி வந்து ஒரு ஜப்பான் லொறி வாங்கினான். வாங்கினவன் சும்மா இருந்தானா? கோயில் கூட்டத்தில் எழும்பி, "பழைய இரும்புக்குப் பின்னால ஆத்தா எத்தன நாளைக்கு இழுபடுறது? நம்ம லொறியில ஏத்துனா அரை மணியில கோயிலு" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு அறுந்தது உறவு. தினேஸ் வீட்டு வாசலை மிதித்தால் காலை முறிப்பேன் என்று வீரசிங்கம் மனைவியிடம் சொல்லிவைத்தான்.

ரெங்கம்மாவுக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இந்த உலகத்தில் அவளுக்கு இருந்தது கீழ்க்கணக்கு லயத்தில் தம்பியின் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் தான் வெறும் அநாதை என்று மலையில் கொழுந்து எடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள். தம்பி மகள் சுதர்ஷினி, ஆறு வயதுச் சிட்டு, பள்ளிக்கூடம் விட்டுப் போகிற வழியில் "அத்தே" என்று கத்தினால் போதும், அன்றைக்கு ரெங்கம்மாவுக்குச் சோறு வேண்டாம்.

போன வருடம் தேயிலை ஃபெக்டரி வளைவில் கார் இரண்டு முறை நின்று, ஆட்கள் தள்ளித்தான் ஏற்றினார்கள். கோயில் தலைவர் பழனியாண்டி அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்த வருடம் பாதையில் நின்றால், அடுத்த வருடத்திலிருந்து லொறி.

ஆகவே வீரசிங்கம் இரண்டு மாதமாக அந்த எஞ்சினைக் கழற்றுவதும் பூட்டுவதுமாகக் கிடந்தான். திருவிழாவுக்கு முதல் நாள், தினேஸ் வயிறு எரிந்து சாக வேண்டும் என்பதற்காகவே, காரை ஷெட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் பதுளைக் கடைத்தெருவுக்குப் போய் ஆள் உயரத்தில் செவ்வந்தி மாலைகள் வாங்கி வந்தான். அவன் பதுளையில் இருந்த நேரம் பார்த்து, தினேஸ் திருட்டுப் பூனையாகக் கார் ஷெட்டுக்குப் பின்னால் வந்து அக்காவைக் கூப்பிட்டான். கையில் ஒரு சீலைப் பார்சல். திருவிழாவுக்குப் பிறந்த வீட்டுச் சீலை வராத பெண்ணை லயத்தில் மற்றப் பெண்கள் பார்க்கிற பார்வையே வேறு. இரண்டு வருடமாக அந்தப் பார்வையைத் தாங்கினவள், வாங்கிக்கொண்டு அழுதுவிட்டாள். "மச்சானுக்குத் தெரிய வேணாங்க்கா" என்று சொல்லிவிட்டு அவன் வந்த வழியே போனான். சீலை அரிசித் தகரத்துக்குள் போனது.

விடிந்ததும் மாலை கட்டுகிற வேலை ரெங்கம்மாவின் தலையில் விழுந்தது. ஒரு லைட்டிலிருந்து மறு லைட் வரைக்கும் காரின் முகமே தெரியக் கூடாது என்பது உத்தரவு. மூன்று அடுக்கு மாலை, அதற்கு மேல் வேப்பங்குழை, எல்லாவற்றையும் கம்பி போட்டு அவளே இறுக்கினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. லொறிக்காரன் மூஞ்சியில் ஈயாடாது என்று வீரசிங்கம் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான்.

அந்த வருடம் வெடி கொளுத்தப் பொலிஸில் அனுமதி கிடைக்கவில்லை. யுத்த காலம், சத்தம் கேட்டால் ராணுவ முகாமிலிருந்து ஆள் வந்துவிடும். தப்பு மேளம் மட்டும் முழங்க, சப்பரம் புறப்பட்டது. வீரசிங்கம் வெள்ளை வேட்டியில் நெஞ்சை நிமிர்த்தி ஸ்டியரிங்கைப் பிடித்தான். பக்கத்தில் ரெங்கம்மா. ஆட்கள் நடக்கிற வேகத்தில் கார் முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறியது. ஒவ்வொரு லயத்திலும் நிறுத்தி அர்ச்சனை, தேங்காய், ஆரத்தி. எல்லாருக்கும் பின்னால், கொஞ்சம் தள்ளி, தினேஸின் லொறி கழுவித் துடைத்த முகத்தோடு வந்துகொண்டிருந்தது. அது ஏன் வருகிறது என்பது ஊருக்கே தெரியும்.

ஃபெக்டரி வளைவில் ஏறுகிறபோது பிளிமவுத் இரண்டு தரம் இருமியது. அப்புறம் நின்றுவிட்டது. இளவட்டங்கள் ஓடிப்போய்ச் சப்பரத்தின் சில்லுக்குக் கல் வைத்தார்கள். தப்பு ஓய்ந்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரிக்க, வீரசிங்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது.

செல்ப் அடித்தான். எஞ்சின் நன்றாகச் சுற்றியது, பற்றரியில் குறை இல்லை. ஆனால் பிடிக்கவில்லை. இறங்கிப் பொனட்டைத் திறந்து, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ரெங்கம்மாவைச் செல்ப் அடிக்கச் சொன்னான். நீல நெருப்பு பளிச் பளிச்சென்று பாய்ந்தது. நெருப்பிலும் குறை இல்லை. அடுத்தது பெற்றோல். காபரேட்டரின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தபடி லீவரை இழுத்தான். ஒரு சொட்டு வரவில்லை. பைப்பைக் கழற்றி மறுபடி அடிக்கச் சொன்னான். புஸ் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.

"நேத்து மத்தியானம் டேங்க் நெறைய அடிச்சேன்!" வீரசிங்கம் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "பெற்றோல் எங்க போச்சு? எவனோ டேங்குல கைய வச்சிருக்கான். எவன்னு எனக்குத் தெரியும்!"

"நேத்து சாயங்காலம் தினேஸ ஒங்க ஷெட்டுப் பக்கம் பாத்தேன்" என்றான் கூட்டத்தில் ஒருவன். எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்ற ஒருவன் எங்கேயும் இருப்பான்.

வீரசிங்கம் வெற்றியோடு மறுபடி எஞ்சினுக்குள் குனிந்து, கீழே இருந்த பெற்றோல் பம்பைப் பார்த்தான். ஸ்பேனரைக் கொடுக்க வந்த ரெங்கம்மாவும் பார்த்தாள். பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் பெற்றோல், அடுப்பில் வைத்த தண்ணீர் மாதிரி, தளதளவென்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. பம்ப் நெருப்பாகக் கொதித்தது.

இதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு மெக்கானிக் படிப்பு வேண்டியதில்லை. அந்தக் கார் கல்யாண ஹயருக்கு, வாடகை ஓட்டமாக, ஹல்துமுல்லை ஏற்றத்தில் போகிற போதெல்லாம், தண்ணீர்க் கேனும் பழந்துணியுமாக முன் சீட்டில் இருந்தவள் அவள்தானே. சூட்டில் பெற்றோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகிவிடும், ஆவியைப் பம்பால் தள்ள முடியாது. ஈரத் துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் வண்டி தன்பாட்டில் ஓடும். இன்றைக்கு ஏன் இவ்வளவு சூடு என்று நிமிர்ந்து பார்த்தவளுக்கு, பொனட்டுக்கு முன்னால் கம்பியில் இறுக்கிய மாலைகள் தெரிந்தன. காற்றுப் போகிற வாயை அவை முழுக்க அடைத்து வைத்திருந்தன. அடைத்தது அவள் கை.

வீரசிங்கமும் அதையேதான் பார்த்தான். இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. அவன் கண்ணில் முதலில் வந்தது வெட்கம், அடுத்த கணமே அது வேறாக மாறியது. வண்டி தானாக நின்றதென்றால் பரிவட்டம் போயிற்று. எவனோ நிறுத்தினான் என்றால் போகாது.

"வாயத் தொறந்த, இன்னைக்கே ஒன்ன வெட்டிப் பொதச்சிருவேன்" என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டு, பொனட்டை டமாரென்று சாத்தினான்.

தினேஸைக் கூப்பிட்டார்கள். அவன் மனைவி யோகம்மாவும், அவள் கையைப் பிடித்தபடி சுதர்ஷினியும் கூடவே வந்தார்கள். பழனியாண்டி சப்பரத்துக்கு முன்னால் நின்று கேட்டார்.

"நேத்து அந்தப் பக்கம் போனியா?"

"போனேன் தலைவரே."

"எதுக்கு?"

தினேஸ் வாயைத் திறந்தான். ஒரு தரம் அக்காவைப் பார்த்தான். ரெங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சீலை வாங்கியது தெரிந்தால் வீட்டுக்குப் போனதும் புருசன் தோலை உரித்துவிடுவான்.

"சும்மாதான் போனேன்" என்றான் தினேஸ்.

"சும்மா போனானாம்! பாத்தீங்களா தலைவரே?" வீரசிங்கம் குதித்தான். "ஆத்தா சப்பரத்த நடுரோட்டுல நிறுத்துன நாயி இவன். சீனியப் போட்டானோ, தண்ணிய ஊத்துனானோ. லொறிக்கு ஆசப்பட்டு இப்படி ஒரு வேலை!"

"மச்சான், நாக்க அடக்கிப் பேசுங்க. ஒங்க காரு நிக்கிறதுக்கு எவனும் கை வைக்கத் தேவையில்ல. அது நிக்கிற சாமான்தான்."

"அப்ப சத்தியம் பண்ணுடா! கற்பூரம் அடிச்சுப் பண்ணு. சும்மா இல்ல, ஒம் புள்ள தலையில கைய வச்சுப் பண்ணு!"

கற்பூரம் அடிப்பது பெரிய காரியம், அதிலும் பிள்ளை தலையில் கை வைத்து அடிப்பது யாரும் லேசில் கேட்காத காரியம். யோகம்மா, "ஐயோ, புள்ளைய எதுக்கு இழுக்குறீங்க!" என்று அலறிக்கொண்டு மகளைச் சேலைக்குள் மறைத்தாள். தினேஸ் மறுபடி அக்காவைப் பார்த்தான். இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகவே பார்த்தான். ஒரு வார்த்தை. 'எனக்குச் சீலை குடுக்க வந்தான்' என்று ஒரு வார்த்தை போதும். ரெங்கம்மா சப்பரத்தின் சில்லுக்கு வைத்த கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். தினேஸ் மகளைப் பிடித்து இழுத்து, இடது கையை அவள் தலையில் வைத்தான். என்னவென்று புரியாமல் பிள்ளை வீறிட்டு அழுதது. "நான் அந்தக் காரத் தொட்டிருந்தா, ஆத்தா, இந்தப் புள்ளைய நீயே எடுத்துக்க" என்று சொல்லி, வலது உள்ளங்கையால் கற்பூரத்தை ஓங்கி அடித்தான். நெருப்பு அணைந்தது.

"சரி, அவன் அடிச்சிட்டான்" என்றார் பழனியாண்டி. "வீரசிங்கம், இப்ப ஒன் முறை. இவன்தான் செஞ்சான்னு நீ கற்பூரம் அடி. அப்ப உரிமை ஒன்னோடது. இவன ஊரு பாத்துக்கும்."

ஊர் பார்த்துக்கொள்ளும் என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். மலை ஊற்று விழுகிற பீலிக் குழாயில் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள், சாவுக்கும் வாழ்வுக்கும் யாரும் வாசல் ஏற மாட்டார்கள். கேவலம் ஒரு பட்டுத்துணிக்காக வீரசிங்கம் அதற்கும் துணிந்துவிட்டான். வேட்டியை இறுக்கிக்கொண்டு தட்டுக்கு முன்னால் வந்து நின்றான்.

பூசாரி அடுத்த கற்பூரத்தை எடுத்தார். அதற்குள்ளேயே ஊர் பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது. யோகம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற பெண் தன் மகனைக் கையைப் பிடித்து அப்பால் இழுத்தாள். இன்னொருத்தியும் இழுத்தாள். சுதர்ஷினியைச் சுற்றி வட்டமாக வெறும் தரை விழுந்தது. நடுவில் அந்தப் பிள்ளை விக்கிக்கொண்டு நின்றது, தீட்டுப்பட்ட சாமானைப் போல.

ரெங்கம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவளுக்கு ஆத்திரம் வந்தது. புருசன் மேல் வந்தது, ஊர் மேல் வந்தது, எல்லாவற்றையும்விடத் தன் மேல்தான் வந்தது. ஆரத்திக்காரி இடுப்பிலிருந்த மஞ்சள் தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கினாள். காருக்குப் போய், கை கிழிய மாலைக் கம்பிகளைப் பிய்த்தாள். செவ்வந்தி எல்லாம் ரோட்டில் கொட்டியது.

"ஏய்! அடியே!" வீரசிங்கம் பாய்ந்து வந்தான்.

"கிட்ட வராதீங்க" என்றாள். அந்தக் குரலை அவன் கேட்டதே இல்லை, அப்படியே நின்றுவிட்டான். பொனட்டைத் திறந்து, முன் சீட்டில் கிடந்த பழந்துணியைக் குடத்தில் முக்கிப் பம்பைச் சுற்றினாள். சொய்யென்று ஆவி கிளம்பியது. பைப்பிலும் ஒரு துணி. காய்ந்த துணியை எடுத்து மறுபடி முக்கினாள்.

"தலைவரே, யாரும் எதுலயும் கை வைக்கல. மாலையப் போட்டு மூடுனதுல காத்துப் போகாம சூட்டுல பெற்றோல் கொதிச்சிருச்சு. மூடுனது நான். மூடச் சொன்னது இவரு. இது இவருக்கு அப்பவே தெரியும், எனக்கும் தெரியும். நேத்து எந் தம்பி வந்தது எனக்குப் பொறந்த வீட்டுச் சீலை குடுக்க. அரிசித் தகரத்துல இருக்கு, வேணும்னா போய்ப் பாருங்க."

வீரசிங்கத்தின் முகம் செத்துப் போயிருந்தது. கிண்ணத்தில் குமிழி அடங்கும்வரை ரெங்கம்மா துணியை நனைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, "இப்ப செல்ப் அடிங்க" என்றாள்.

பழனியாண்டி, "ஏறுய்யா, ஆத்தா ரோட்டுல நிக்கிறா" என்று அதட்டிய பிறகுதான் வீரசிங்கம் ஏறினான். எஞ்சின் கொஞ்சம் சுற்றி, தடதடவென்று பிடித்தது. இளவட்டங்கள் கல்லை எடுத்தார்கள். தப்பு முழங்கியது, ஆனால் ஒருவர் வாயிலும் குலவை வரவில்லை. கார் நகரும்போது வீரசிங்கம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என் வீட்டுப் படி ஏறின, அங்கயே கொன்னுருவேன்" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தப் படி போனால் போகட்டும், தம்பி வீட்டு வாசல் மிஞ்சியது என்று அவள் மனது ஒரு நிமிடம் நிம்மதிப்பட்டது.

தினேஸ் அதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வளைவுக்குக் கீழே பீலிக்கரைக்கு இறங்கியிருந்தான். மகளைப் பீலிக்கு அடியில் நிறுத்தி, தான் கை வைத்துச் சத்தியம் பண்ணின தலையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். குளிர்ந்த தண்ணீரில் பிள்ளை வெடவெடத்தது. அவன் நிறுத்துவதாக இல்லை. யோகம்மா ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"தம்பி" என்றாள் ரெங்கம்மா. "எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்டா. ஒம் மேல ஒரு பழியும் இல்ல."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ எப்பக்கா பாத்த?"

"எத?"

"அந்தப் பம்ப. நான் கற்பூரம் அடிக்கிறதுக்கு முந்தியா, பிந்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லாருக்கும் முன்னால், அப்பவே தெரியும் என்று அவளே சொல்லி முடித்தாகிவிட்டது. அது அவன் காதிலும் விழுந்திருக்கிறது. அவன் கேட்பது தெரிந்துகொள்வதற்காக இல்லை.

"முந்தி" என்றாள்.

"ஒன்ன அடிப்பாருன்னுதான் சீலைக் கதைய நான் சொல்லல. ஒனக்காகத்தான் எம் புள்ள தலையில கை வச்சேன்." இப்போது திரும்பினான். கண் சிவந்திருந்தது. "அவரு பரிவட்டத்துக்காகப் பேசாம இருந்தாரு. அது எனக்கு வெளங்குது, அந்த ஆளு அப்படித்தான். நீ எதுக்குக்கா பேசாம நின்ன?"

அடிக்குப் பயந்து என்று சொல்லலாம், அதுதான் உண்மையும். நனைந்து நடுங்குகிற பிள்ளைக்கு முன்னால் அந்தப் பதில் அவளுக்கே கேவலமாகப் பட்டது.

"எங்க வாசலுக்கு இனி வராத" என்றான் தினேஸ்.

பிள்ளையின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைத்துவிடலாம் என்று ரெங்கம்மா முந்தானையை எடுத்துக்கொண்டு கையை நீட்டினாள். சுதர்ஷினி இரண்டு கையாலும் தன் தலையைப் பொத்திக்கொண்டு, அம்மாவின் பின்னால் போய் ஒளிந்தாள்.